கோமளா குறைத்த நீலம்

ஜனவரி 3, சனி

முழுநிலா. ஊரில் வானத்தைப் படமெடுக்கிற மற்றவர்கள் எல்லாம் இன்றைக்குக் கருவியைப் போர்த்திவிட்டுத் தூங்கியிருப்பார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. என் ஹைட்ரஜன் பில்டர், நெபுலா என்னும் விண்வெளி வாயுமேகத்தில் இருக்கும் ஹைட்ரஜன் உமிழும் அந்த ஒரே சிவப்பை மட்டும்தான் உள்ளே விடும். நிலா வெளிச்சம், தெருவிளக்கு, எதிர் நகைக்கடையின் விளம்பரப் பலகை எல்லாவற்றையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். கோயம்புத்தூரின் நட்டநடுவில், மொட்டைமாடியில் நின்றுகொண்டு நான் நெபுலா எடுப்பது அந்தத் துக்கடாக் கண்ணாடியின் புண்ணியத்தில்.

இந்த முறை படம் சும்மா இல்லை. நான் வேதியியல் நடத்திய மகளிர் கல்லூரியில் புது அறிவியல் கட்டடம் எழும்பியிருக்கிறது. நுழைவாயில் சுவர் முழுக்க ஒரு படம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ரோசெட் நெபுலாவைச் சொன்னேன். விரிந்த ரோஜாப்பூ மாதிரி இருக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஓய்வு பெற்றவளை நினைவு வைத்துக் கேட்டார்களே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

பில்டர் வழியாக வாயு நன்றாக விழும், விண்மீன்களின் நிறம் விழாது. அதற்கு விளக்கே இல்லாத இருட்டு வேண்டும், பில்டர் இல்லாத கலர் கேமரா வேண்டும். இரண்டும் என் நாத்தனார் கோமளாவிடம் இருக்கின்றன. தாளவாடி மலைமேல் செண்டுமல்லி போடுகிறவள். அவள் அண்ணன் இருந்த காலத்தில் நான் கொடுத்த பழைய கேமராவை வைத்துக்கொண்டு இன்றைக்கு என்னையே கேள்வி கேட்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். வாயு என்னுடையது, விண்மீன் அவளுடையது. என் படத்திலிருந்து விண்மீன்களைத் துடைத்துவிட்டு அனுப்புவேன். அவள் தன் விண்மீன்களை அதில் பதித்து, கடைசி வேலையை முடித்து, எங்கள் வானியல் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிடுவாள். நான் போன் திரையில் படம் பார்ப்பவள் இல்லை, அதனால் முடிந்த படத்தைப் பார்ப்பதும் இல்லை.

ஜனவரி 6, செவ்வாய்

ஆக்சிஜன் பில்டரைப் போட்டேன். அது நீலப்பச்சை ஒளியை மட்டும் விடுவது. கெட்டுப்போயிருக்கிறது போல. கணினித் திரையில் பெரிய விண்மீன் ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு வளையம். கழற்றி, காற்றடித்து, துடைத்து மாட்டினேன். வளையம் அப்படியே இருக்கிறது. விற்றவனுக்குக் காட்டமாக ஒரு மின்னஞ்சல் போட்டாயிற்று.

கீழே இறங்கும்போது தெருவிளக்குகளைச் சுற்றியும் வளையம். மார்கழிப் பனி.

ஜனவரி 8, வியாழன்

கீழ்வீட்டில் குடியிருக்கும் சகாயமேரி என்னை வாசலில் நிறுத்தி, "மேடம், ஒரு கால்ல கருப்புச் செருப்பு, ஒரு கால்ல நீலச் செருப்பு" என்று சிரித்தாள். இரண்டும் ஒரே அச்சில் செய்தால் யாருக்குத்தான் தெரியும்? இருந்தாலும் கடைவீதிக்குப் போவதற்குள் சொன்னாளே, நல்ல பெண். இட்லியும் கொடுத்தாள்.

ஜனவரி 9, வெள்ளி

நாள் முழுக்கக் கணினி முன்னால். எடுத்த படங்களை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மணல் தூவியது போன்ற இரைச்சல் அடங்கி நெபுலா மேலே வரும். ஹைட்ரஜன் அடுக்கு அற்புதம். இதழ் இதழாக விரிந்து, நடுவில் கரிய தூசித் துணுக்குகளோடு. கறுப்பு வெள்ளையாக விழும் அதைப் படத்தின் சிவப்பு நிறத்துக்குக் கொடுத்தேன். ஆக்சிஜனைப் பச்சைக்கும் நீலத்துக்கும்.

ஆக்சிஜன்தான் பாவம். எவ்வளவு ஏற்றினாலும் சோகை பிடித்தாற்போல் நிற்கிறது. ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன். கடைசியில் பூவின் நடுவே மெல்லிய நீலம் எட்டிப் பார்த்தது. நான் செய்ததிலேயே இதுதான் சிறந்தது என்று தயங்காமல் எழுதுகிறேன். கோமளாவுக்கு அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 12, திங்கள்

கல்லூரியில், அச்சுக்குப் போகுமுன் நான் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்றார்கள். அதனால் கோமளா முடித்த படத்தை எனக்கே அனுப்பும்படி ஆயிற்று. திறந்து பார்த்தேன். என் நீலத்தைக் காணோம். பூவின் நடுவில் பழைய காகிதம் மாதிரி ஒரு மஞ்சள்தான் தெரிந்தது. போன் போட்டேன்.

"ஏன் கோமு, என் ஆக்சிஜன் எங்கே?"

"இருக்குதுங்கண்ணி. சித்தெ அடக்கி வெச்சிருக்கறேன்."

"அடக்கறதுக்கு நீ யாரு? மூணு ராத்திரி பனியில நின்னு எடுத்தது நான்."

"ரொம்பத் தூக்கலா இருந்துச்சுங்க."

"தூக்கலா? எனக்கு வேதியியல் சொல்லித் தர்றியா?"

பிறகு மெதுவாக, "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. ஒருக்கா கண்ணு டாக்டரைப் பாத்துட்டு வந்துருங்களே" என்றாள்.

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. நேற்றுக்கூட எட்ட வந்த பேருந்தின் எண்ணைப் படித்தேன். வர வேண்டிய பேருந்தும் அது ஒன்றுதான், அது வேறு விஷயம். இனி அவள் விண்மீன்களும் வேண்டாம், அவளும் வேண்டாம், என் படத்தில் என் பெயர் மட்டும் இருந்தால் போதும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அம்மாவும் கண்ணைக் காட்டத்தான் போனாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். சகாயமேரிக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். கோமளா போன் செய்யவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் குரல் கேட்காத பொங்கல் இல்லை. நானும் செய்யவில்லை.

கரும்பு நல்ல இனிப்பு. ஒருத்தி எவ்வளவுதான் தின்பது.

ஜனவரி 18, ஞாயிறு

அமாவாசை. பில்டரைக் கழற்றிவிட்டு, இரவல் வாங்கிய கலர் கேமராவில் விண்மீன் நிறத்தை மாடியிலேயே எடுத்துப் பார்த்தேன். படம் முழுக்க நகரத்தின் வெளிச்சம்தான் விழுந்திருந்தது. சரி போ என்று என் வாயுப் படத்து விண்மீன்களையே விட்டுவைத்தேன். அவை என்ன நிறத்தில் வந்திருக்கின்றன என்று திரையருகே மூக்கு உரசப் பார்த்தும் பிடிபடவில்லை. வெள்ளை என்று வைத்துக்கொண்டேன்.

திருப்தியாகத்தான் இருக்கிறது. நாளை மறுநாள் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும்.

ஜனவரி 20, செவ்வாய்

படம் அனுப்பவில்லை. வேறு வேலையாகிவிட்டது.

காலையில் பாலை இறக்கிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டேன் என்று நினைத்து, அதற்குப் பின்னால் இருந்த சர்க்கரை டப்பாவுக்குக் கை நீட்டினேன். முந்தானை பற்றிக்கொண்டது. சகாயமேரி தண்ணீர் பிடிக்க மேலே வந்திருந்தாள், வாளியோடு என்மேல் கவிழ்த்துவிட்டாள். கையில் கொஞ்சம் கொப்புளம், அவ்வளவுதான். அவளுக்குக் கோடி நன்றி.

பர்னரில் ஏதோ கோளாறு. சுவாலையே தெரிவதில்லை. நீல சுவாலை என்று வருடக்கணக்கில் பாடம் நடத்தியிருக்கிறேன், என் அடுப்பில் அது வருவதில்லை. ஆள் வரச்சொல்ல வேண்டும்.

ஜனவரி 21, புதன்

கதவைத் தட்டியது அடுப்புக்காரன் என்று நினைத்தேன். ஒரு உருவம், ஒரு பெரிய பை, செண்டுமல்லி வாசனை. சகாயமேரி போன் செய்து சொல்லிவிட்டாள். முதல் பேருந்தைப் பிடித்து வந்திருக்கிறாள் கோமளா.

"சண்டையெல்லாம் அப்பறமேட்டுப் போட்டுக்கலாங்கண்ணி. பொறப்படுங்க" என்றாள். சீலை மாற்றக்கூட நேரம் தரவில்லை.

கண் மருத்துவமனையில் அந்த டாக்டர் அம்மாள் என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்திக்கொண்டாள். "ரெண்டு கண்லயும் புரை நல்லா முத்தியிருக்குதுங்கம்மா. உள்ள இருக்கற லென்ஸ் மஞ்சளாகி, பழுப்பாவே ஆயிருச்சு. நீல வெளிச்சத்தை அதுவே பில்டர் மாதிரி தடுத்துருது. விளக்கைச் சுத்தி வட்டம் தெரியுதுங்களா?"

பில்டரைப் பற்றி எனக்கே சொல்கிறாள். தெரிகிறது என்றேன். வேறு என்ன சொல்வது?

இன்னும் தள்ளிப்போட்டால் லென்ஸ் இறுகிக்கொண்டே போகும், அப்புறம் அறுவை சிக்கலாகும், பார்வைக்கே உத்தரவாதம் சொல்ல முடியாது என்றாள். முதலில் இடது கண். அடுத்த செவ்வாய்க்குத் தேதி இருக்கிறதாம். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

வெளியே மரத்தடி பெஞ்சில் கோமளாவிடம் சொன்னேன். இதுவரை அவள் அண்ணனைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. ஏதோ ஒரு முகாமில் அம்மாவின் கண்ணை அறுத்தார்கள். கட்டுப் பிரித்தபோது அவள் முதலில் கேட்டது, "இன்னும் விடியலையா?" என்பது. அதற்கப்புறம் சாகும்வரை சுவரைத் தடவித்தான் நடந்தாள்.

கோமளா என் கொப்புளக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அந்தக் காலம் வேறங்கண்ணி. பயமா இருந்தா பயம்னு சொல்லுங்க, நானும் கூட ஒக்காந்து பயப்படறேன். அந்தப் பில்டர் மேல எதுக்குப் பழி போடறீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சூட்டோடு உள்ளே போய்த் தேதிக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 26, திங்கள்

நாளைக்கு. எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஜனவரி 27, செவ்வாய்

ஆயிற்று. இடது கண்ணில் கட்டு. வலது கண்ணால் கோணல்மாணலாக இதை எழுதுகிறேன். கோமளா பொழுதுக்கும் கூட இருந்தாள். ராத்திரிக்குத் திம்பம் மலைப்பாதையை அடைப்பதற்குள் போய்ச் சேர வேண்டும், காலையில் பூப் பறிப்பு என்று, மனசே இல்லாமல் பேருந்து ஏறினாள். சகாயமேரி இரவு துணைக்கு இருக்கிறாள்.

ஜனவரி 28, புதன்

விடிந்துவிட்டது.

கட்டைப் பிரித்தார்கள். எதிரே சுவர் வெள்ளையாக இருந்தது. வெள்ளை என்றால் வெள்ளை. இத்தனை நாளும் நான் வெள்ளை என்று நம்பியது டீத்தூள் வடிகட்டிய துணியின் நிறம். நர்ஸ் பெண்ணின் முகமூடி நீலம், மூலையில் வாளி நீலம், ஜன்னலுக்கு வெளியே வானம் என்னவோ யாரோ இப்போதுதான் கழுவிவிட்டுப் போன மாதிரி. அழக்கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று அந்தப் பெண் அதட்டினாள். அழுதேன். அம்மாவுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது. யார்யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் அந்த வாளி உட்பட எல்லாவற்றுக்கும் சொன்னேன்.

ஜனவரி 31, சனி

கணினியைக் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று அனுமதி.

என் ரோசெட்டைத் திறந்தேன். முதலில் வேறு யாருடைய கோப்பையோ திறந்துவிட்டதாக நினைத்தேன். சொட்டு நீலம் தாராளமாகக் கொட்டிய வாளியில் பூவை முக்கி எடுத்தது போல் இருந்தது. விண்மீன்களோ ஊதாவும் ரோஸுமாகத் திருவிழா பலூன்கள். இடது கண்ணை மூடி, அறுக்காத வலது கண்ணால் பார்த்தேன். அழகான படம். மெல்லிய நீலம், வெள்ளை விண்மீன். வலதை மூடி இடதைத் திறந்தேன். பலூன்கள். இப்படியே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விண்மீன்களைச் சுற்றிய வளையமும் இடது கண்ணுக்கு இல்லை. பில்டர்க்காரனுக்கு இன்னொரு மின்னஞ்சல் போட வேண்டும், இந்த முறை வேறு தொனியில்.

அப்புறம் கோமளா அனுப்பியிருந்ததைத் திறந்தேன், நான் பழைய காகிதம் என்று திட்டியதை. வெளியிதழ்களில் ஹைட்ரஜனின் சிவப்பு. உள்ளே போகப்போக அது கனிந்து, நடுக்குழியில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய அளவுக்கு மட்டும் நீலப்பச்சையாக நிற்கிறது. அவள் விண்மீன்கள் பொன்னும் வெள்ளியுமாக அதனதன் இடத்தில்.

சந்தேகம் தட்டியது. பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். நான் அவளுக்கு அனுப்பியவை ஒரு பக்கம், அவள் முடித்துக் குழுவுக்கு அனுப்பியவை ஒரு பக்கம். இரண்டு வருடப் படங்கள். என் பக்கம் வரவர நீலம் ஏறிக்கொண்டே போகிறது. அவள் பக்கம் எல்லாமே சரியாக இருக்கிறது. முதலில் ஒரு துளி குறைத்திருக்கிறாள், போகப்போக நிறையக் குறைத்திருக்கிறாள். சுவரில் குழுவின் நாள்காட்டி தொங்குகிறது. அதிலிருக்கும் என் படத்துக்கு மஞ்சளடித்துவிட்டான் என்று அச்சகத்துக்காரனோடு சண்டை போட்டவள் நான். அவன் ஒரு பாவமும் அறியாதவன்.

நீங்கள் நிறத்தை அளவாக வைப்பீர்கள் மேடம் என்று குழுவில் என்னைப் புகழாதவர்கள் இல்லை. ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

கோமளாவுக்குப் போன் செய்தேன்.

"எத்தனை படத்துல நீலத்தைக் குறைச்சே?"

அந்தப் பக்கம் பூக்கூடையை வைக்கும் சத்தம். "எண்ணிப் பாக்கலீங்கண்ணி."

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"ரெண்டொருக்கா சாடையாச் சொன்னனுங்க. நீங்க கம்ப்யூட்டர் திரையை மாத்தினீங்க."

அது உண்மை. புதுத் திரை வாங்கினேன்.

"வெடுக்குன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா ரோசத்துல படம் எடுக்கறதையே விட்டுப்போடுவீங்க." கூடையை நகர்த்தும் சத்தம். "அண்ணன் இருந்தவரைக்கும் ஒறம்பரை, சொந்தம்னு வந்தீங்க, போனீங்க. அவரு போனதுக்கப்பறம் நம்ம ரெண்டு பேருக்கும் பேசறதுக்கு வேற என்னங்கண்ணி இருக்குது? ஆக்சிஜன் இத்தனை, ஹைட்ரஜன் இத்தனைன்னு நீங்க போன் பண்றதுதான். அதுவும் நின்னுபோச்சுன்னா எனக்கு யாரு பண்ணுவாங்க?"

இவள் என் படத்தைத் திருத்துகிறாள் என்று நான் சண்டைக்குப் போனேன். என்னை இழந்துவிடக் கூடாது என்று அவள் பொத்திப் பொத்தி நீலத்தைக் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். என் மானத்தையும் காப்பாற்றி, என்னையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு ஒற்றை நன்றி எப்படிப் போதும்? இருந்தாலும் சொன்னேன். "நன்றி கோமு" என்றேன். அவளிடம் இந்தச் சொல்லை இதற்குமுன் சொன்னதாக நினைவில்லை.

"அய்யோ, அதெல்லாம் எதுக்குங்க" என்று கூச்சப்பட்டாள். பிறகு, "வலது கண்ணு எப்பங்க?" என்றாள்.

பிப்ரவரி 7, சனி

கல்லூரியில் அவகாசம் கேட்டு வாங்கி, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருவருமாகப் படத்தை முதலிலிருந்து செய்தோம். அவள் திரையில் அவள், என் திரையில் நான். வலது கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்தேன். ஆக்சிஜனை நான் குறைக்க ஆரம்பித்தேன், "போதுங்கண்ணி, போதும், பாவம் அது" என்று இந்த முறை அவள் தடுத்தாள். மெல்லிய நீல விளிம்பு ஒன்று, அவளே தவறவிட்டிருந்தது, என் அடுக்கில் இருந்தது. அதை வைத்துக்கொண்டோம். அவள் விண்மீன்களைப் பதித்தாள். இது நான் தனியாகச் செய்திருக்க முடியாத படம். அவளும்தான்.

பெயரில் தகராறு. கோமளா முதலில், வாசுகி என்ற என் பெயர் அடுத்து என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நான் பெரியவள், நான் சொல்வதுதான் என்று போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

கட்டடத் திறப்பு. சுவர் முழுக்க எங்கள் ரோசெட். மாணவிகள் அதன்முன் நின்று படமெடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

கோமளா கொஞ்சம் தாமதமாக வந்தாள். கூட்டத்தில் அவளைத் தேடினேன். நெளிவுக் கூந்தல், பருத்த கன்னம், என்னைவிட ஐந்து வயது இளையவள். அப்படி யாரும் வரவில்லை. நரைத்த தலையோடு மெலிந்த ஒரு பெண் நேராக என்னிடம் வந்து, "கண்ணு உறுத்துதுங்களா அண்ணி?" என்றாள்.

குரல்தான் அவளுடையது. கன்னம் ஒட்டியிருந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது. கண்களுக்குக் கீழே கருவளையம். போன மாதம் இரண்டு முறை எனக்கு முன்னால் நின்றவள், என் கையை மடியில் வைத்துக்கொண்டவள். அப்போதெல்லாம் என் கண்ணுக்கு அவள் பழைய கோமளாவாகவே தெரிந்திருக்கிறாள்.

"என்ன கோமு இது? எப்பருந்து இப்பிடி எளைச்சே?"

அவள் சிரித்தாள். "ரெண்டு வருசமா இப்பிடித்தானுங்கண்ணி இருக்கறேன்."

படத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வரச்சொல்லி மேடையிலிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. அவளை வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய், ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, உடம்புக்கு என்ன என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.